உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்

2025 நவம்பரில் சென்னையில் 'அதர்ஸ்' படத்துக்காக நடந்த பத்திரிகையாளர் சந்திப்பின் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்பு நடந்த ஒரு நிகழ்ச்சியில், பாடல் காட்சியில் நாயகன் நாயகியைத் தூக்குவதை வைத்து ஒரு யூட்யூபர் நாயகியின் எடையைப் பற்றி நாயகனிடம் கேட்டிருந்தார். நாயகி கௌரி கிஷன். '96' படத்தில் பள்ளிக்கூட ஜானுவாக வந்தாரே, அவர்தான். அடுத்த சந்திப்பில் அவர் அதை விடவில்லை. என் எடைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம், ஒரு ஹீரோவிடம் இப்படிக் கேட்பீர்களா என்று நேருக்கு நேர் பிடித்துக்கொண்டார். கேட்டவரோ இறங்கி வரவில்லை. இதில் என்ன தப்பு என்று மல்லுக்கு நின்றார். பக்கத்தில் இருந்த நாயகனும் இயக்குநரும் அந்த நேரத்தில் கௌரிக்காகப் பேசவில்லை. அப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. சங்கங்கள் கண்டித்தன, நாயகன் வருத்தம் தெரிவித்தார், கேட்டவரும் வருத்தம் தெரிவித்தார்.

எனக்கு அந்த வீடியோவில் மனதில் நின்றது கேட்டவரின் ஆச்சரியம். நிஜமாகவே அவருக்குத் தப்பு எங்கே என்று பிடிபடவில்லை. எப்படிப் பிடிபடும்? வாராவாரம் பார்க்கிற படங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தானே கேட்டார்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அந்த வீடியோ வந்தது. எல்லோரும் கௌரி பக்கம்தான். பெரியம்மா மகன் மட்டும் கீழே ஒரு வரி சேர்த்தான்: "கேட்டது தப்புதான், ஆனா ஹெல்த்தும் முக்கியம் இல்லையா?" அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள் எழுந்தன. அந்தப் பெண்ணுக்கு உடம்புக்கு என்ன, அவர் என்ன சாப்பிடுகிறார், ரத்தத்தில் என்ன அளவு என்று அந்தக் கட்டைவிரல்களில் ஒருவருக்கும் தெரியாது. இந்தப் பதிவு அந்த ஒரு வரியைப் பற்றியது. முன்பு நம் படங்களில் குண்டானவர்களைக் கிண்டல் செய்தார்கள், கிண்டல் கிண்டலாகவே இருந்தது. இப்போது அது டாக்டர் கோட்டு போட்டுக்கொண்டு வருகிறது. எனக்குப் பழைய கிண்டலே தேவலாம். அதையாவது திருப்பித் திட்டலாம்.

நான் குண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களுக்கு இடம் பொருள் தெரிய வேண்டுமே. கல்யாணப் பந்தியில் என்னைப் பார்த்ததும் கேட்காமலே இரண்டு அப்பளம் வைப்பார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

தமிழ் சினிமாவில் உடம்பு என்பது ரொம்ப காலம் பேராகவே இருந்தது. ஒல்லியாக இருந்ததால் ஓமக்குச்சி நரசிம்மன், பருமனாக இருந்ததால் குண்டு கல்யாணம். உசிலைமணி திரையில் நுழைந்தாலே சாப்பாட்டு ஜோக் பின்னாலேயே வரும். எண்பதுகளில் பிந்து கோஷ். அவர் அடிப்படையில் குழு நடனக் கலைஞர். நன்றாக ஆடத் தெரிந்த ஒருவரைத் திரையில் ஆட விட்டதே, ஆடினால் மக்கள் சிரிப்பார்கள் என்பதற்காகத்தான். கடைசி நாட்களில் நோயோடும் வறுமையோடும் இருந்து 2025 மார்ச்சில் இறந்துபோனார். அவர் படக் காமெடிகள் இன்னும் டிவியில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

என் அக்கா பையன் ஆறாவது படிக்கிறான், கொழுகொழுவென்று இருப்பான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காமெடி சேனலில் குண்டு ஜோக் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் சிரிக்கிறவன் அவன்தான். கவனித்துப் பார்த்தேன். ஜோக் முடிவதற்கு அரை நொடி முன்பே சிரிப்பு ஆரம்பித்துவிடும். சிரித்தபடியே கண் ஒரு சுற்று சுற்றி எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு டிவிக்குத் திரும்பும். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒரு காமெடியன் பேர் இருக்கிறது. விசேஷ வீடுகளில் "அந்த மாதிரி நடந்து காட்டுடா" என்றால் உடனே நடந்து காட்டுவான். "எனக்குப் பிடிக்கும் சித்தி" என்கிறான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குண்டு ஜோக்குகள் ஓடிய அதே காலத்தில் தமிழ் ரசிகனுக்கு ஒல்லியான கதாநாயகி பிடிக்காது என்று பேர். சாவித்திரி, கே.ஆர்.விஜயா என்று பூசினாற்போல் இருந்த முகங்கள்தான் வீட்டுக் காலண்டரில். அப்புறம் குஷ்பு. இட்லிக்கு அவர் பேரை வைத்தார்கள், எங்கள் திருச்சியில் கோவிலே கட்டினார்கள். 1991-இல் வந்த 'சின்னத்தம்பி'யை இப்போது போட்டுப் பாருங்கள். பிரபு நல்ல உடம்பு, குஷ்புவும் நல்ல உடம்பு. படத்தில் அத்தனை பேர் அத்தனை விஷயத்துக்கு அழுகிறார்கள், எடைக்காக யாரும் அழவில்லை. உடம்பு எவ்வளவு என்பதைவிட அது யாருடைய உடம்பு, கதையில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. ஜோடி நாற்காலியில் இருந்தால் அம்சம், காமெடி நாற்காலியில் இருந்தால் குண்டு.

ஆண்களுக்கு இந்த நாற்காலி இன்னும் வசதியானது. '96'இல் ராமாக வந்த விஜய் சேதுபதிக்கு 2018-லேயே நல்ல சதை. த்ரிஷாவின் ஜானு அவரை ஆம்பளை நாட்டுக்கட்டை என்று கொஞ்சுவாள், தியேட்டரே விசிலடித்தது. அழகான காட்சி, எனக்கும் பிடிக்கும். அதே படத்தில் சின்ன ஜானுவாக வந்த பெண்ணிடம்தான் பின்னாளில் எடைக் கணக்கு கேட்டார்கள்.

எனக்குத் தெரிந்து கிண்டல் டாக்டர் கோட்டு போடத் தொடங்கியது கண்ணுக்குப் பட்ட வருஷம் 2008. இந்தியில் 'டஷன்' படத்துக்காக கரீனா கபூர் இளைத்து 'ஸைஸ் ஜீரோ' என்ற சொல்லை நம் ஊர் பியூட்டி பார்லர் வரை கொண்டுவந்தார். தமிழில் 'வாரணம் ஆயிர'த்தில் சூர்யா சட்டையைக் கழற்றினார், பையன்கள் ஜிம்முக்குப் பணம் கட்டினார்கள். அதுவரை உடம்பு என்பது இருப்பது. அதற்கப்புறம் அது செய்வது, செய்யாவிட்டால் சோம்பேறி. கிண்டலுக்கு நியாயம் கிடைத்தது அப்போதுதான். பிறப்பிலேயே குண்டு என்றால் கொஞ்சம் பாவம் பார்க்கலாம், 'முயற்சி செய்யாமல் குண்டு' என்றால் பாவம் பார்க்க என்ன இருக்கிறது?

2015-ஐ எடுத்துக்கொண்டால் இந்த விஷயம் முழுக்க ஒரே வருஷத்துக்குள் அடங்கிவிடும். பொங்கலுக்கு ஷங்கரின் 'ஐ'. அதில் உடம்புதான் பரிசு, உடம்புதான் தண்டனை. ஆணழகன் போட்டிக்குப் போகிற லிங்கேசனை வில்லன்கள் உருக்குலைக்கிறார்கள், அவன் பதிலுக்கு ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதமாக உருக்குலைக்கிறான். சாவைவிட அசிங்கமாகிப் போவது பெரிய தண்டனை என்பது படத்தின் கட்சி. விக்ரம் அதற்காகத் தன் உடம்பை ஏற்றி இறக்கிப் பட்ட பாட்டைப் பக்கம் பக்கமாக எழுதினோம். படம் எங்களைப் போன்ற உடம்புகளைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை அவ்வளவாக எழுதவில்லை.

அந்த வருஷம் ஜூனில் தெலுங்கு நடிகை ஆர்த்தி அகர்வால் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இறந்தார். வயது 31. தமிழில் 'பம்பரக் கண்ணாலே'யில் வந்தவர். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைசிகிச்சை செய்துகொண்டு சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு காலத்தில் தெலுங்கில் பெரிய ஹீரோக்கள் பலருடன் ஜோடி போட்டவர். உடம்பு போட்ட பிறகு பத்திரிகைகளில் அவரைப் பற்றி வந்ததெல்லாம் அந்த உடம்பைப் பற்றித்தான்.

நவம்பர் கடைசியில் 'இஞ்சி இடுப்பழகி' வந்தது. தெலுங்கில் 'சைஸ் ஜீரோ', இரண்டு மொழியிலும் எடுத்த படம். பிரகாஷ் கோவெலமுடி இயக்கம், கனிகா தில்லான் கதை. அனுஷ்கா இதற்காக 20 கிலோ அளவுக்கு எடை ஏற்றிக்கொண்டதாக அப்போது செய்திகள். சினிமாவுக்கு வருமுன் யோகா சொல்லிக்கொடுத்தவர் அவர், உடம்பைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உச்சத்தில் இருந்த ஒரு நடிகை, முதல் 'பாகுபலி' வந்த அதே வருஷத்தில் இப்படிச் செய்ததை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். முதல் வாரமே கிளம்பிப் போனேன். எனக்காக ஒரு படம் எடுத்திருக்கிறார்கள் என்று நம்பித்தான் போனேன்.

முதல் பாதியில் அந்த நம்பிக்கைக்கு இடம் இருந்தது. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் தட்டிக்கழிப்பது, ஊர்வசியின் அம்மா பாத்திரம் கவலையில் புலம்பிப் புலம்பி மகளைக் கொல்வது, இதெல்லாம் நமக்குத் தெரிந்த வீடு. அந்த அம்மாவுக்கு மகள் மேல் பாசம்தான், பாசம்தான் பிரச்சினையே. ஊர்வசி அதை நன்றாகச் செய்திருந்தார். ஆர்யா வருகிறார், காதல் வருகிறது, அவர் வேறு பெண்ணோடு போவதாகத் தெரிகிறது. அனுஷ்கா நடித்த ஸ்வீட்டி உடைந்துபோய் எடைகுறைப்பு மையத்தில் சேருகிறாள். பிரகாஷ்ராஜ்தான் அதன் முதலாளி. அவள் தோழி அந்த மையத்தின் சிகிச்சையால் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் விழுகிறாள். அங்கிருந்து படம் ஸ்வீட்டியின் கையைவிட்டுப் போய்விடுகிறது. அவள் போலி மையத்துக்கு எதிராக, ஆரோக்கியத்துக்கு ஆதரவாகப் பிரசாரத்தில் இறங்குகிறாள். நிஜ நட்சத்திரங்கள் சிலர் வந்து தலைகாட்டி நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. எடைகுறைப்பு மையங்களைத் தோலுரிக்க வேண்டியதுதான். ஒரு வாரத்தில் இத்தனை கிலோ என்று பஸ் பின்னாடி ஒட்டுகிற ஆட்களை யாராவது கேட்க வேண்டியதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், குண்டான ஒரு பெண்ணைத் தமிழ்ப்படம் அபூர்வமாக நடு நாற்காலியில் உட்கார வைத்தது. உட்கார வைத்த கையோடு அவளிடம் மைக்கைக் கொடுத்து உடல்நலம் பற்றி எல்லோருக்கும் சொல்லு என்றது. அவள் வெறுமனே காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு போக முடியவில்லை. ஊருக்கு உபகாரம் செய்த பிறகுதான் ஆர்யா. ஒல்லியான நாயகிகள் யாரும் காதலனை அடைய இத்தனை சமூகசேவை செய்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, சின்ன விஷயம். நாங்கள் ஷேர் ஆட்டோவில் ஏறும்போது முதலில் பார்ப்பது ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரின் முகத்தை. அவர் பையை மடிக்கு இழுத்துக்கொள்கிற விதத்தில் இன்றைய பயணம் தெரிந்துவிடும். மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டு லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவோம். ஜவுளிக்கடையில் ரெடிமேட் பக்கம் போனால் விற்கிற பெண் வாய் திறக்குமுன் "உங்க சைஸ் வராதுக்கா" என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். டெய்லர் டேப்பை ஒரு சுற்று சுற்றி, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொள்வதில் ஒரு மரியாதை இருக்கிறது, அதற்காகவே ஒரே டெய்லரிடம் வருஷக்கணக்கில் போகிறவர்கள் உண்டு. இந்த நடை, இந்தத் தயக்கம் எதுவும் அந்தப் படத்தில் எனக்கு அகப்படவில்லை. ஏற்றிய உடம்பு அது, வாழ்ந்த உடம்பு இல்லை. அதை அனுஷ்காவின் குறை என்று சொல்ல மாட்டேன். அந்த உடம்போடு வாழ்கிற ஒரு நடிகையை வைத்து அந்தப் படத்தை எடுக்கத் துணிந்திருப்பார்களா என்பதுதான் கேள்வி. படம் முடிந்ததும் பத்திரிகைகள் எல்லாம் அனுஷ்கா எப்போது இளைப்பார் என்று கேட்க ஆரம்பித்தன. வருஷக்கணக்கில் கேட்டன.

அதே 2015 பிப்ரவரியில் இந்தியில் 'தம் லகா கே ஹைஷா' வந்திருந்தது. சரத் கட்டாரியா எடுத்தது. 1995-இன் ஹரித்வார். பத்தாவது தாண்டாத பிரேம், அப்பாவின் கேசட் கடையில் உட்கார்ந்திருக்கிறான். பி.எட். முடித்த, டீச்சராகப் போகிற சந்தியாவைப் பெரியவர்கள் அவனுக்குக் கட்டிவைக்கிறார்கள். அவள் குண்டு என்பதில் அவனுக்கு அவமானம். நண்பன் கல்யாணத்தில் குடித்துவிட்டு அவளைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறான். அவள் கேட்டுவிடுகிறாள். ஊர் முன்னால் ஒரு அறை விடுகிறாள். விவாகரத்துக்குப் போகிறாள். கோர்ட் ஆறு மாதம் சேர்ந்து இருந்து பாருங்கள் என்கிறது.

சந்தியா படம் முழுக்க ஒரு கிலோ குறைவதில்லை. டாக்டர் வருவதில்லை, ரிப்போர்ட் வருவதில்லை. அவள் எடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேசுகிறார்கள், அவள் படித்தவள், வாய் உள்ளவள், பதில் சொல்கிறாள். கடைசியில் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற போட்டி. நாயகியைத் தூக்கினால் எவ்வளவு கனம் என்ற அதே கேள்விதான். பத்து வருஷம் கழித்துச் சென்னையில் ஒருவர் கேட்டார் இல்லையா, அதை இந்தப் படம் தானாகவே எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறது. பிரேம் அவளை முதுகில் சுமந்து மூச்சிரைக்க ஓடுகிறான். திணறுகிறவன் அவன். இளைக்க வேண்டியது அவள் என்று பார்க்கிற யாருக்கும் அந்த நேரத்தில் தோன்றாது, அவன் இன்னும் கொஞ்சம் பலமாக இருக்கலாம் என்றுதான் தோன்றும். அந்த ஒரு திருப்பத்துக்காகவே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. பூமி பெட்னேகருக்கு முதல் படம், அவரும் இதற்காக எடை ஏற்றியவர்தான். அப்புறம் இளைத்தார். சந்தியாவை எப்படி நடித்தீர்கள் என்பதைவிட எப்படி இளைத்தீர்கள் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

சரி, என் பெரியம்மா மகனுக்கு வருகிறேன். ஹெல்த் முக்கியம்தான். எனக்கு பி.பி. மாத்திரை உண்டு, மாடி ஏறினால் முழங்கால் சத்தம் போடும், உடம்பு குறைந்தால் முழங்காலுக்கு நல்லது என்று எனக்கே தெரியும். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019-21இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடற்பருமன். ஆண்களில் 37. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் 30.9 ஆக இருந்தார்கள். இது விளையாட்டு இல்லை. பத்துப் பெண்களில் நாலு பேர் என்றால், தியேட்டரில் குண்டு ஜோக் வரும்போது என் வரிசையில் சிரிக்காமல் சிரிக்கிறவர்கள் எத்தனை பேர் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் உடம்பைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம் என்று சினிமா கற்றுக்கொடுத்திருக்கிறதே, அங்கேதான் தகராறு. புனேயில் டாக்டர் யாஜ்னிக் என்று ஒருவர், நீரிழிவு ஆராய்ச்சியாளர். அவரும் இங்கிலாந்தைச் சேர்ந்த யுட்கின் என்ற டாக்டரும் சேர்ந்து 2004-இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 22.3, அச்சு அசல் ஒன்று. பார்க்கவும் இருவரும் ஒல்லி. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு, இந்தியர்களுக்கு இது சகஜம் என்பதைத்தான் அந்தப் படம் காட்டியது. 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், நாட்டின் சராசரி 11.4. இவர்களில் எத்தனையோ பேரைச் சினிமா கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஃபிட் என்றே சொல்லிவிடுவோம்.

எங்கள் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் காற்றடித்தால் பறந்துவிடுகிற ரகம். போன வருஷம் இருவரும் ரத்தம் கொடுத்தோம். லேப்பில் கவரை நீட்டிய பெண் என்னைப் பார்த்து, "சுகர் ஜாஸ்தி இருக்கும்மா, ஸ்வீட்டைக் குறைங்க" என்றாள். கவரில் இருந்தது அவர் பேர். இவர் ஒன்றும் தெரியாத மாதிரி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை காது வலி என்று ஒரு டாக்டரிடம் போனேன். நாற்காலியில் உட்காருவதற்குள் "முதல்ல வெயிட்டைக் குறைங்க" என்றார். காதை அப்புறம்தான் பார்த்தார். அதற்கப்புறம் காது வலித்தால் நல்லெண்ணெய் காய்ச்சி விட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். இது சரியில்லை என்று தெரிந்துதான் இருக்கிறேன்.

உடம்பைக் கிண்டல் செய்தால் ரோஷம் வந்து இளைப்பார்கள் என்பதும் சினிமாவின் நம்பிக்கைதான். அவமானம், அப்புறம் ஒரு பாட்டு, பாட்டில் டிரெட்மில், பாட்டு முடியும்போது இடுப்பு. நிஜத்தில் நடப்பது தலைகீழ். அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நாலு வருஷம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2013-இல் வந்தது. எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் பின்னாளில் உடற்பருமனுக்குப் போகிற வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. டிரெட்மில் பாட்டுக்கும் ஓர் ஆய்வு உண்டு. 'தி பிக்கஸ்ட் லூஸர்' என்ற அமெரிக்க டிவி போட்டியில் மளமளவென்று இளைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்தார்கள். குறைத்ததில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. அதைவிட மோசம், சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கிற சக்தி, அந்த உடம்புக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைந்து போயிருந்தது. பாட்டு முடிந்ததும் இடைவேளை விடலாம். உடம்புக்கு இடைவேளை கிடையாது.

பி.எம்.ஐ. கணக்கே 1830-களில் அடால்ஃப் கெட்டலே என்ற பெல்ஜியக்காரர் போட்டது. வானியலாளர், புள்ளியியலாளர். சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று பார்க்க அவர் போட்ட கணக்கை வைத்து இன்றைக்குத் தனி ஆளுக்கு நோய்ச் சீட்டு எழுதுகிறோம். அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள், இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள், உறுப்புகள் பாதித்திருக்கிறதா என்று பாருங்கள் என்று 2025 ஜனவரியில் லான்செட் நிபுணர் குழுவும் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டு விசேஷங்களுக்குச் செய்தி இன்னும் வரவில்லை. அங்கே இன்னும் 'கொழுத்தவனுக்குக் கொள்ளு'தான் ஓடுகிறது. கொள்ளு ரசம் எனக்குப் பிடிக்கும் என்பதால் பேசாமல் குடித்துவிடுவேன்.

படத்தில் உடல்நலச் செய்தி என்றால் எனக்கு ஞாபகம் வருவது சிகரெட்தான். 2012 அக்டோபர் 2 முதல், படம் தொடங்கும்போதும் இடைவேளையிலும் புகையிலை எதிர்ப்பு விளம்பரம், ஹீரோ பற்ற வைத்தால் ஓரத்தில் எச்சரிக்கை வரி. ஹீரோ ஸ்டைலாக ஊதுவார், எச்சரிக்கை ஓரமாக நிற்கும், ரசிகன் ஹீரோவைப் பார்ப்பான். நுரையீரலைக் கெடுக்கிறவருக்கு ஸ்லோமோஷன், பின்னணி இசை. குண்டாக இருக்கிறவருக்கு மட்டும் ஆரோக்கியத்தின் பேரில் அறிவுரை. உண்மையில் ஆரோக்கியம்தான் கவலை என்றால் இரவு ரெண்டு மணிக்குப் பார் காட்சியில் சரக்கடித்துவிட்டுக் காலையில் சிக்ஸ் பேக்கோடு எழுந்திருக்கிற நாயகனிடம் அல்லவா கேட்க வேண்டும்?

மலையாளத்தில் 2019-இல் வந்த 'தமாஷா' இந்த அக்கறைக் குரலைச் சரியாகப் பிடித்த படம். அஷ்ரஃப் ஹம்ஸா இயக்கியது, கன்னடத்தின் 'ஒந்து மொட்டெய கதெ'யைத் தழுவியது. நாயகன் வழுக்கைத் தலையால் வெட்கப்பட்டுச் சுருண்டு கிடக்கிற வாத்தியார், வினய் ஃபோர்ட். அவன் சந்திக்கிற குண்டுப் பெண், சின்னு சாந்தினி, எதற்கும் வெட்கப்படாதவள். இருவரும் சேர்ந்து இருக்கிற ஒரு படம் இணையத்தில் ஏற, முகம் தெரியாதவர்கள் எல்லாம் அவள் உடம்பைப் பற்றி எழுதத் தொடங்குகிறார்கள். அதற்கு அவள் சொல்கிற பதில்தான் படத்தின் உயிர், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வழுக்கையை வைத்துத் தன்னைப் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், இன்னொரு உடம்புக்கு ஊர் என்ன செய்கிறது என்று முதல்முறையாகப் பார்க்கிறான்.

ஆண்களும் தப்பவில்லைதான். சிம்பு உடம்பு போட்டிருந்த காலத்தில் வந்த மீம்களைச் சேர்த்தால் ஒரு புத்தகம் போடலாம். 'ஈஸ்வர'னுக்கு முன்னால் இளைத்தார், இளைத்த கதையே தனி வீடியோவாக வந்தது, கொண்டாடினோம். நிவின் பாலி 2024-இல் 'வர்ஷங்கள்க்கு சேஷ'த்தில் தன் உடம்பைப் பேசியவர்களுக்கு அந்த உடம்போடேயே வந்து பதில் சொன்னார், தியேட்டர் கிழிந்தது. இப்படித் திரும்பி வந்து கைதட்டல் வாங்குகிற வசதி ஹீரோவுக்கு இருக்கிறது. வித்யுல்லேகா ராமன் 'நீதானே என் பொன்வசந்த'த்தில் அறிமுகமாகி எத்தனை படங்களில் எடையை வைத்து எழுதிய ஜோக்குகளைத் தாங்கினார். நல்ல டைமிங் உள்ள நடிகை. பிறகு அவர் இளைத்ததும் அது செய்தியானது. அவருக்கு வேறு மாதிரி வேடம் எழுதியிருந்தால் அது செய்தியாகியிருக்கும்.

அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கலாம். 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ, ஜூனில் வெகோவி என்று எடை குறைக்கும் ஊசி மருந்துகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டன. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் நிறைய பேருக்கு உதவக்கூடிய மருந்துகள், அதில் எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் பாவம் சினிமா, டிரெட்மில் பாட்டுக்கு இனி என்ன செய்யும்? வாரம் ஒரு ஊசியை வைத்து எத்தனை சரணம் எழுத முடியும்?

எனக்கு வேண்டிய படம் பெரிதாக ஒன்றுமில்லை. குண்டான ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். ஒரு கொலை நடக்கிறது, விசாரிக்கிறாள். துரத்தும்போது மூச்சு வாங்குகிறது, நிற்கிறாள், ஜீப்பை அந்தப் பக்கமாக வரச் சொல்லி மைக்கில் சொல்கிறாள், ஆளைப் பிடிக்கிறாள். நடுவில் டீக்கடையில் பஜ்ஜி சாப்பிடுகிறாள், கேமரா பஜ்ஜியை க்ளோசப்பில் காட்டுவதில்லை. படம் முழுக்க யாரும் அவளிடம் வெந்நீர் குடிக்கச் சொல்வதில்லை. நல்லவளாக இருந்தே தீர வேண்டும் என்றும் இல்லை, கொலையே அவள் செய்ததாக இருந்தாலும் சரி. தயாரிப்பாளர் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், மீதிக் கதை என்னிடம் இருக்கிறது. நாற்காலி மட்டும் பிளாஸ்டிக் வேண்டாம்.